ஐயுற்றவனும் ஆக்கினைத் தீர்ப்பும்
கிறித்தவ மீட்புக் கோட்பாடு – ஒரு நோக்கு

உண்மையைத் தேடும் ஒருவன் தன்னால் இயன்றவரை நேர்மையாக ஆராய்கிறான். ஆராய்ந்த பின்னும் ஐயம் நீங்கவில்லை. அந்நிலையிலேயே அவன் இறந்துபோகிறான். மறுமையில் அவனுக்கு என்ன நேரும்? இறுதித் தீர்ப்பு நாளை நம்பும் எந்தச் சமயமும் இவ்வினாவைத் தவிர்த்துச் செல்ல இயலாது. கிறித்தவ இறையியல் இதனோடு ஏறத்தாழ 1800 ஆண்டுகளாகப் போராடி வந்திருக்கிறது. அப்போராட்டத்தின் வரலாற்றை நம்மவரில் பலர் அறியார். கிறித்தவர் அனைவரும் பிறரை நரகவாசிகள் என்றே எண்ணுகின்றனர் என்று சிலர் கூறுவர். இன்று அவர்கள் சுவர்க்கத்தின் வாயிலை எல்லோருக்கும் திறந்துவிட்டனர் என்று வேறு சிலர் கூறுவர். இரு கூற்றுகளும் முழு உண்மை ஆகா.

தெளிவு கருதி, நம்பாதவர்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வோம். தூதுச் செய்தியைக் கேள்விப்படாதவன் ஒருவன். கேட்டு, அது உண்மையென உள்ளூர உணர்ந்தும் செருக்கினால் மறுப்பவன் இன்னொருவன். கேட்டும், ஆராய்ந்தும், உள்ளம் தெளியாதவன் மூன்றாமவன். நாம் இங்கு நேர்மையான ஐயுறுவோன் என்று குறிப்பது இம்மூன்றாமவனையே. கிறித்தவம் முதலாமவன்பால் காலப்போக்கில் மிகுந்த கனிவு காட்டியது. இரண்டாமவனைப் பற்றி அதற்குக் குழப்பம் இருந்ததில்லை. மூன்றாமவனிடம் வரும்போதுதான் அதன் சொற்கள் தயங்குகின்றன.

தமிழ்க் கத்தோலிக்கர் மீட்பு என்பதையே புரொட்டஸ்டண்டு சபையினர் இரட்சிப்பு என்பர். அதற்கு எதிரான தண்டனை, பழைய விவிலியத் தமிழில் ஆக்கினைத் தீர்ப்பு எனப்படும். இச்சொற்களையே நாமும் கையாள்வோம்.

கோட்பாட்டின் வேர்

மீட்பு என்ன என்பதை அறிய, எதிலிருந்து மீட்பு என்பதை முதலில் அறிதல் வேண்டும். குழந்தை ஃபித்ரா என்னும் தூய இயல்பில் பிறக்கிறது என்பது நம் நம்பிக்கை. மேலைக் கிறித்தவத்தின் நோக்கு வேறு. வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள ஹிப்போ நகரின் ஆயராக இருந்த அகஸ்டின் (354–430) அந்நோக்குக்கு உருவம் கொடுத்தவர். ஆதாமின் பாவம் அவர் வழிவந்த மனித குலம் முழுவதையும் பற்றிக்கொண்டது என்றார் அவர். மனிதர் அனைவரும் தண்டனைக்குரிய ஒரே திரள்; அத்திரளிலிருந்து சிலரை இறைவன் தன் அருளால் எடுத்துக்கொள்கிறான்; எஞ்சியோர் தமக்குரியதையே பெறுகின்றனர்; எனவே அதில் அநீதி இல்லை என்பது அவரது வாதம். ஞானஸ்நானம் பெறாது இறக்கும் கைக்குழந்தையும் இத்தீர்ப்பிலிருந்து தப்பாது, ஆயினும் அதற்குரிய தண்டனை மிகமிக மென்மையானது என்று அவர் கருதினார். பிறவியிலேயே குற்றம் ஒட்டியிருக்க முடியாது என்று வாதிட்ட பெலாகியஸின் கருத்துகளை 418ஆம் ஆண்டின் கார்த்தேஜ் சங்கம் கண்டித்து ஒதுக்கியது.

இந்த அடித்தளத்தை மனத்திற்கொண்டால்தான் கிறித்தவ வாதத்தை அதற்குரிய நேர்மையோடு புரிந்துகொள்ள இயலும். நம்பாதவன் நம்பாமைக்காகத் தண்டிக்கப்படுகிறான் என்று அவர்கள் எப்போதும் கூறுவதில்லை. நோயாளி ஒருவனுக்கு மருந்து கிட்டவில்லை, அவன் இறக்கிறான். அவன் இறந்தது நோயால்தான், மருந்தின்மையால் அன்று. அதுபோல மனிதனை அழிப்பது பாவம். நம்பிக்கை அதற்கான மருந்து. இவ்வாதத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆனால் மருந்தைக் கையில் வைத்திருக்கும் மருத்துவன் எல்லையற்ற ஆற்றலும் அருளும் உடையவன் எனும்போது, அவன் ஏன் அதைச் சிலருக்கு எட்டாத இடத்தில் வைத்தான் என்ற வினா எழாமல் இராது.

திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்ற கோட்பாடு இதனோடு இணைந்து வளர்ந்தது. மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் இக்கருத்தைச் சொன்னபோது, சபையை உடைத்துக்கொண்டு பிரிந்து சென்றோரே அவர் கண்முன் இருந்தனர். பிற்காலத்தில் அது உலகம் முழுவதற்கும் உரிய சட்டமாக விரிந்தது. 1302இல் போப் எட்டாம் போனிபேஸ், உரோமைத் திருத்தந்தைக்கு அடங்கியிருத்தல் ஒவ்வொரு மனிதனின் மீட்புக்கும் இன்றியமையாதது என்று அறிவித்தார். 1442இல் பிளாரன்ஸ் சங்கம் இன்னும் விரிவாகப் பேசியது. பல தெய்வ வணக்கத்தார், யூதர், சமயத் திரிபினர், பிரிவினையாளர் ஆகியோர் இறக்குமுன் திருச்சபையில் சேராவிடில் நிலைத்த நெருப்புக்கே செல்வர் என்று அது விதித்தது. கோட்பாட்டின் மிகக் கடுமையான வடிவம் இதுவே.

கேள்விப்படாதவனின் வழக்கு

இக்கடுமை கிறித்தவரின் உள்ளங்களையே உறுத்தியது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. இத்தாலியக் கவிஞர் தாந்தே (இறப்பு 1321) நம் நபி (ஸல்) அவர்களைப் பற்றி எழுதியது நம்மைப் புண்படுத்துவது. ஆயினும் அதே நூலில் அவர் சுல்தான் ஸலாஹுத்தீனையும், இப்னு ஸீனாவையும், இப்னு ருஷ்தையும் வேதனையற்ற புறநரகப் பகுதியில் மதிப்போடு அமர்த்துகிறார். அந்நூலின் சுவர்க்கப் பகுதியில் ஒரு வினாவையும் எழுப்புகிறார். சிந்து நதிக்கரையில் பிறந்த ஒருவன் கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை; அவன் வாழ்வு பழுதற்றது; அவனைத் தண்டிக்கும் நீதி எத்தகைய நீதி? இறைநீதியின் ஆழத்தை மனிதக் கண் அளக்க முடியாது என்பதே அங்குக் கிடைக்கும் விடை. வினா நேரானது, விடை வினாவைச் சுற்றிச் செல்கிறது.

அவருக்கு முன்பே தாமஸ் அக்குவைனாஸ் (1225–1274) ஒரு வழியைக் காட்ட முயன்றிருந்தார். கேள்விப்படாதவனிடம் காணப்படும் நம்பாமை பாவம் ஆகாது. அவன் தண்டிக்கப்பட்டால் பிற பாவங்களுக்காகவே தண்டிக்கப்படுவான். காட்டில் தனியே வளர்ந்த ஒருவன் தன் இயல்பறிவின்படி நன்மையை நாடித் தீமையை விலக்குவானாயின், இறைவன் அவனுக்கு உள்ளுணர்வால் உண்மையை உணர்த்துவான், அல்லது ஒரு போதகரை அனுப்பி வைப்பான் என்றார் அவர். உலகின் பெரும்பகுதிக்குச் செய்தி எட்டிவிட்டது என்று ஐரோப்பியர் எண்ணியிருந்த காலம் அது. விதிவிலக்கான ஒருவனுக்குக் கூறிய விடையாக இது போதுமானதாகத் தோன்றியது.

1492இல் கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளை அடைந்ததும் நிலைமை மாறியது. நற்செய்தியின் ஓசையே எட்டாத பெருந்திரளான மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து மறைந்தது தெரியவந்தது. காட்டில் வாழ்ந்த தனிமனிதன் ஒரு கண்டமாக விரிந்துவிட்டான். ஸ்பெயினின் சலமன்கா பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்த பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா 1539இல் அமெரிக்கப் பழங்குடியினரைப் பற்றி ஆற்றிய விரிவுரை இங்கு நம் கவனத்துக்கு உரியது. ஒரு செய்தியை அறிவித்த மாத்திரத்தில், சான்று எதுவும் காட்டாத நிலையில், அதை நம்பும் கடமை அம்மக்களுக்கு இல்லை என்று அவர் வாதிட்டார். அத்தோடு நில்லாமல், கிறித்தவ நம்பிக்கை அவர்கள் ஏற்கக் கடமைப்படும் வகையில் எடுத்துரைக்கப்பட்டதாகத் தமக்குத் தோன்றவில்லை என்றும் சொன்னார். அங்கே அற்புதங்கள் நிகழ்ந்ததாகத் தாம் கேள்விப்படவில்லை. கொடுஞ்செயல்களும் இழிசெயல்களுமே காதில் விழுகின்றன என்பது அவர் கூறிய காரணம். எடுத்துரைப்பவனின் நடத்தையும் சான்றின் ஒரு பகுதியே என்ற இக்கருத்தை நாம் மறவாதிருப்போம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

கிழக்கிலும் இவ்வினா எழுந்தது. 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து பரவர்களிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார் 1549இல் ஜப்பானை அடைந்தார். அங்கே சமயம் மாறிய மக்கள், தம் முன்னோர் நரகத்தில் உள்ளனர் என்றும், வழிபாட்டாலோ தானத்தாலோ அவர்களை விடுவிக்க இயலாது என்றும் கேட்டு அழுதனர். இத்துணைக் கருணையுள்ள இறைவன் ஏன் இதற்குமுன் தன் செய்தியை எங்களுக்கு அனுப்பவில்லை என்றும் வினவினர். கொலையும் திருட்டும் தீயவை என்பதை இயல்பறிவே உங்களுக்குக் கற்பித்திருந்ததே என்று சவேரியார் விடையிறுத்தார். எனினும், தாம் நேசித்த நண்பர்கள் பரிகாரமற்ற ஒன்றுக்காக அழுவதைக் காணத் தமக்கும் வருத்தமாக இருந்ததென அவர் 1552இல் எழுதிய மடலில் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். கோட்பாடு ஒரு மகனிடம் அவன் தந்தையைப் பற்றிப் பேசும்போதுதான் அதன் முழுப் பாரமும் தெரியவருகிறது.

கேட்டும் தெளியாதவன்

கேள்விப்படாதவனுக்கு இவ்வாறு ஒரு வாயில் திறக்கலாயிற்று. கேட்டு ஆராய்ந்து ஐயுற்றவனின் நிலை என்ன?

இங்கும் அக்குவைனாஸிடம் ஓர் எதிர்பாராத ஒளிக்கீற்றைக் காண்கிறோம். பிழைபட்ட மனச்சான்றும் மனிதனைக் கட்டுப்படுத்தும் என்பது அவர் கொள்கை. கிறிஸ்துவை நம்புவது நன்மை. ஆனால் ஒருவனின் அறிவு அதைத் தீமையென அவனுக்குக் காட்டுமாயின், அந்நிலையில் அவன் அதை விரும்பி ஏற்பது தவறாகும் என்று அவரே எழுதியுள்ளார். நேர்மையான ஐயுறுவோனுக்கு இதைவிட வலுவான வக்காலத்து இல்லை எனலாம். எனினும் அவர் அடுத்த படியிலேயே ஒரு நிபந்தனை சேர்க்கிறார். அப்பிழை அவனது கவனக்குறைவாலோ விருப்பத்தாலோ நேர்ந்திருந்தால், மனச்சான்று அவனைக் காப்பாற்றாது. ஆக, அவன் மனச்சான்றை மீறினாலும் குற்றம், பின்பற்றினாலும் குற்றமாகக்கூடும்.

ஐரோப்பாவின் சமயச் சீர்திருத்த இயக்கம் இந்த இறுக்கத்தைத் தளர்த்தவில்லை. ஜான் கால்வின் (1509–1564) அகஸ்டினின் கருத்தை இறுதிவரை கொண்டு சென்றார். மீட்கப்படுவோரும் கைவிடப்படுவோரும் இறைவனால் முன்குறிக்கப்பட்டவர்கள் என்ற அவர், அவ்விதி அச்சமூட்டுவது என்பதைத் தாமே ஒப்புக்கொண்டார். 1646இல் இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, கிறித்தவத்தை ஏற்காதவர் இயல்பறிவின் ஒளியில் எவ்வளவு கவனமாக வாழ்ந்தாலும் மீட்படையார் என்று உறுதிபடக் கூறியது.

கத்தோலிக்கத் திருச்சபையில் 1870இன் முதலாம் வத்திக்கான் சங்கம் ஐயத்தைப் பற்றி நேரடியாகவே பேசியது. திருச்சபையின் போதனையின் கீழ் நம்பிக்கையை ஏற்றுக்கொண்டவர்கள், அதை மாற்றவோ ஐயுறவோ நியாயமான காரணம் ஒருபோதும் கொண்டிருக்க முடியாது என்று அது வரையறுத்தது. இதன் விளைவு நோக்கத்தக்கது. தொலைவில் பிறந்தவனுக்கு அறியாமை என்னும் காப்பு உண்டு. திருச்சபையின் மடியிலேயே பிறந்து, கற்று, பின்னர் நேர்மையாக ஐயுற்றவனுக்கு அக்காப்பு இல்லை. அதிகம் கற்றவனே அதிக ஆபத்தில் நிற்கிறான்.

ஒரு குடும்பத்தின் வேதனை

இக்கோட்பாடு உயிருள்ள மனிதர்மேல் எவ்வாறு இறங்கியது என்பதற்குச் சார்லஸ் டார்வினின் இல்லம் ஓர் எடுத்துக்காட்டு. டார்வினின் உயிரியல் கொள்கை பற்றிய விவாதம் இங்கு நமக்குத் தேவையில்லை; அவரது ஐயமும் அவர் மனைவியின் நம்பிக்கையும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த விதமே நம் கருப்பொருள்.

1839இல் அவர்களுக்குத் திருமணம் நடந்தது. கணவரின் நம்பிக்கை தளர்ந்து வருவதை எம்மா அறிந்திருந்தார். மணமான சிறிது காலத்தில் அவருக்கு ஒரு மடல் எழுதினார். மனச்சான்றின்படி நடந்து, உண்மையை அறிய உளமார முயலும்வரை நீங்கள் தவறியவர் ஆகமாட்டீர் என்று எண்ணவே தாம் விரும்புவதாக அதில் கூறினார். ஆயினும் தம் கவலையையும் அவர் மறைக்கவில்லை. மறுமையில் பிரிய நேருமோ என்ற அச்சம் அவ்வரிகளில் தெரிகிறது. டார்வின் அம்மடலை வாழ்நாள் முழுவதும் பாதுகாத்தார். தாம் அதைப் பலமுறை முத்தமிட்டு அழுததாக அதன்மீதே எழுதி வைத்தார்.

1876இல் தம் குடும்பத்தாருக்காக எழுதிய தன்வரலாற்றில் டார்வின் தம் உள்ளத்தைத் திறந்தார். கிறித்தவ நூல்களின் வெளிப்படையான பொருளின்படி நம்பாதோர் என்றென்றும் தண்டிக்கப்படுவர். அவர்களில் தம் தந்தையும் தமையனும் நெருங்கிய நண்பர் ஏறத்தாழ அனைவரும் அடங்குவர். இக்கோட்பாடு வெறுக்கத்தக்கது என்று எழுதினார். அவர் மறைந்தபின், 1882இல், எம்மா அப்பகுதியை அச்சிட வேண்டாமெனக் குறிப்பெழுதினார். நம்பாமைக்காக நித்திய தண்டனை என்னும் கோட்பாட்டை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தாலும் தகும், ஆனால் அதைக் கிறித்தவம் என்று இன்று கருதுவோர் மிகச் சிலரே என்பது அவர் காட்டிய காரணம். 1887இல் அந்நூல் அப்பகுதி இன்றியே வெளிவந்தது. அவர்களின் பேத்தி நோரா பார்லோ 1958இல் முழுமையான பதிப்பை வெளியிட்டார்.

எம்மாவின் குறிப்பை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். நம்பிக்கையுள்ள ஒரு பெண்மணி, தம் சமயத்தின் வரையறுக்கப்பட்ட கோட்பாட்டைத் தம் சமயம் அன்று என்கிறார். அதே இங்கிலாந்தில், நித்திய தண்டனை பற்றிய மரபுக் கருத்தை மறுபரிசீலனை செய்தமைக்காக எப். டி. மாரிஸ் என்னும் இறையியலாளர் 1853இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் தம் பேராசிரியர் பதவியை இழந்தார். பதினோரு ஆண்டுகள் கழித்து, தீயோரும் இறுதியில் மன்னிக்கப்படலாம் என்ற நம்பிக்கையை ஆங்கிலத் திருச்சபையின் குரு ஒருவர் வெளியிடுவது சட்டப்படி குற்றமன்று எனப் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. மக்களின் மனச்சான்று முன்னே சென்றது. கோட்பாடு பின்னே நடந்து வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் விரிவு

உரோமைத் திருச்சபையின் மாற்றம் மெதுவாக நிகழ்ந்தது. 1863இல் போப் ஒன்பதாம் பயஸ், தம்மால் வெல்ல இயலாத அறியாமையில் இருந்துகொண்டு இயற்கைச் சட்டத்தின்படி நேர்மையாக வாழ்வோர் இறையருளால் நிலைவாழ்வு பெறலாம் என்றார். 1949இல் உரோமை அலுவலகம், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் பழைய கோட்பாட்டை எழுத்துக்கு எழுத்து வலியுறுத்திய லியோனார்டு ஃபீனி என்னும் குருவின் விளக்கம் தவறென அறிவித்தது. உரோமைக்கு வருமாறு விடுத்த அழைப்பாணைக்கு இணங்க மறுத்த அவர் 1953இல் சபைவிலக்கம் செய்யப்பட்டார். 1972இல் மீண்டும் ஏற்கப்பட்டார். திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்று விடாது முழங்கியவரே சில ஆண்டுகள் திருச்சபைக்கு வெளியே நிற்க நேர்ந்தது வரலாற்றின் விந்தை.

1964 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய தன் சாசனத்தை வெளியிட்டது. இப்ராஹீம் (அலை) அவர்களின் நம்பிக்கையைப் பற்றிக்கொண்டு, கருணைமிக்க ஒரே இறைவனை வணங்கும் முஸ்லிம்களை அது மீட்புத் திட்டத்தில் அடங்குவோராகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாது, நேரிய உள்ளத்தோடு இறைவனைத் தேடுவோர் மீட்படையலாம் என்றது. தம் குற்றமின்றி இறைவனைப் பற்றிய வெளிப்படையான அறிவையே எட்டாதவர்க்கும், நல்வாழ்வு வாழ முயன்றால், இறைவன் தேவையான உதவியை மறுக்கமாட்டான் என்றும் கூறியது. 1442இன் சொற்களோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரும் தொலைவு. கைக்குழந்தைகளைப் பற்றியும் 2007இல் உரோமையின் பன்னாட்டு இறையியல் குழு, ஞானஸ்நானமின்றி இறப்போர் மீட்படைவர் என நம்புவதற்கு வலுவான அடிப்படை உண்டு என அறிவித்தது.

1965இல் இதே சங்கம் இன்னொன்றையும் ஏற்றுக்கொண்டது. இறைமறுப்பு தோன்றுவதில் நம்பிக்கையாளருக்கும் கணிசமான பங்குண்டு. தவறாகக் கற்பிப்பதாலும், வாழ்வில் தவறுவதாலும் அவர்கள் இறைவனின் உண்மை முகத்தைப் பிறரிடமிருந்து மறைத்துவிடுகின்றனர் என்றது. விட்டோரியாவின் குரல் 400 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒலிப்பதை இங்கு நாம் கேட்கிறோம்.

புரொட்டஸ்டண்டு உலகில் ஒருமித்த குரல் இல்லை. 1974இன் லோசான் உடன்படிக்கையில் ஒன்றுகூடிய நற்செய்தி இயக்கத்தார், கிறிஸ்துவை மறுப்போர் இறைவனிடமிருந்து நித்தியமாகப் பிரிக்கப்படுவர் என்றனர். ஆங்கிலத் திருச்சபையின் கோட்பாட்டுக் குழுவோ 1995இல், நரகம் என்பது நித்திய சித்திரவதை என்ற படிமத்தைக் கைவிட்டு, இறைவனை முற்றாக மறுப்பவன் இல்லாமையாகிவிடுவதே அது என்று விளக்கியது.

நம்பிக்கை நம் கையில் உள்ளதா?

இத்துணை விரிவுக்குப் பின்னும் ஒரு முடிச்சு அவிழாமல் இருக்கிறது. தம் குற்றமின்றி என்ற சொற்றொடரே அம்முடிச்சு. ஐயுற்றவன் ஒருவன் குற்றமுள்ளவனா, இல்லாதவனா என்பதை எவ்வாறு அறிவது?

ஐயம் எப்போதும் விருப்பத்தின் விளைவு என்று கருதினால், குற்றமற்ற ஐயம் என்ற ஒன்றே இல்லை. ஆனால் நம்பிக்கையை ஆடையைப் போல எண்ணியவுடன் அணிந்துகொள்ள இயலாது. வெளியே மழை பெய்கிறது என்று எண்ணிக்கொள் என ஒருவன் ஆணையிட்டால், நாம் தலையசைக்கலாம். வெயிலைக் காணும் கண்ணை ஏமாற்ற இயலாது. இங்குக் கிறித்தவ இறையியல், நம்பிக்கை இறைவன் தரும் கொடை என்கிறது. அவ்வாறாயின், கொடை பெறாதவனைக் குறைசொல்வது எங்ஙனம் என்ற வினா இருமடங்காகிறது. கனடா நாட்டு மெய்யியலாளர் ஜான் ஷெல்லன்பெர்க் 1993இல் வெளியிட்ட நூலில் இதை ஓர் எதிர்வாதமாகவே வடித்தார். அன்பே உருவான இறைவன் இருப்பானாயின், அவனை எதிர்க்காத எந்த உள்ளத்துக்கும் தன்னை மறைத்துக்கொள்ள மாட்டான். ஆனால் எதிர்ப்பின்றியே நம்பிக்கை வாய்க்காத மனிதர் இருக்கின்றனர் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதற்குக் கிறித்தவர் தரும் விடைகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. நரகத்தின் கதவு உள்ளிருந்தே பூட்டப்பட்டுள்ளது என்பது சி. எஸ். லூயிஸ் 1940இல் பரப்பிய கருத்து. இறைவன் யாரையும் தள்ளுவதில்லை. மனிதனே தன்னை அடைத்துக்கொள்கிறான் என்பது இதன் பொருள். செருக்குடையவனுக்கு இது பொருந்தும். கதவின் முன் நின்று தட்டிக்கொண்டே இருக்கும் ஐயுறுவோனுக்கு இது பொருந்தாது. நற்செயலால் இறைவனை நாடுவோர் அறியாமலே கிறிஸ்துவைச் சார்ந்தவர் என்னும் கருத்து, ஜெர்மானிய இறையியலாளர் கார்ல் ரானர் (1904–1984) தந்தது. இது கனிவானது. ஆயினும், ஒருவன் சிந்தித்து எடுத்த முடிவை மதியாமல், அவன் அறியாத பெயரை அவனுக்குச் சூட்டுவதாக இது அமைகிறது. முஸ்லிம் ஒருவரைப் பெயரறியாக் கிறித்தவர் என்றால் அவர் மகிழ்வாரா என்பதை நாமே அறிவோம்.

கிறித்தவ வேதத்திலேயே ஐயுறுவோர்பால் மென்மை உண்டு என்பதையும் கூறுவது நேர்மை. உயிர்த்தெழுந்த இயேசுவைத் தொட்டாலன்றி நம்பேன் என்ற தோமா விரட்டப்படவில்லை என்று அவர்களின் நற்செய்தி நூல் விவரிக்கிறது. ஐயுறுவோருக்கு இரக்கம் காட்டுமாறு அங்கு ஒரு திருமுகம் பணிக்கிறது. கோட்பாடு இறுகியது, அதன் ஊற்றில் இந்த ஈரம் இருந்தது.

நம் மரபில் இதே வினா

பிறர் வீட்டை ஆராய்ந்தவர் தம் வீட்டையும் நோக்க வேண்டும். தூதரை அனுப்பாதவரை எவரையும் தண்டிப்பதில்லை என்னும் கருத்தைத் திருமறையின் 17ஆம் அத்தியாயம் (17:15) தெளிவுபடுத்துகிறது. ஃபிர்அவ்னின் கூட்டத்தார் கண்டிக்கப்படும் இடத்தில் (27:14), அவர்களின் உள்ளங்கள் உறுதியாக அறிந்தும் அநியாயத்தாலும் செருக்காலும் மறுத்தனர் என்பதே குற்றச்சாட்டு. இறந்தோரை உயிர்ப்பிக்கும் விதத்தைக் காட்டுமாறு இப்ராஹீம் (அலை) அவர்கள் வேண்டியது நம்பிக்கையின்மையால் அன்று, உள்ளம் அமைதி பெறுவதற்காகவே என்பதும் அங்கே உண்டு (2:260).

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (இறப்பு ஹிஜ்ரி 505 / கி.பி. 1111) தம் ‘ஃபைஸலுத் தஃப்ரிகா’ என்னும் நூலில் பிற சமயத்தாரை மூன்று பிரிவாகப் பகுத்தார்கள். நபி (ஸல்) அவர்களின் பெயரையே கேளாதோர் முதல் பிரிவினர், அவர்கள் மன்னிக்கப்படுவர். அவர்களின் பண்புகளையும் அற்புதங்களையும் அருகிலிருந்து அறிந்தும் மறுத்தோர் இரண்டாம் பிரிவினர், அவர்களே நிராகரித்தோர். இவ்விரண்டிற்கும் இடையில் நிற்போர் மூன்றாம் பிரிவினர். அவர்கள் பெயரைக் கேட்டனர். ஆனால் சிறுவயது முதல் பொய்யர் ஒருவரின் பெயராகவே கேட்டனர். ஆராயத் தூண்டும் எதுவும் அவர்களை எட்டவில்லை. எனவே அவர்களும் முதல் பிரிவினரைப் போன்றோரே என்றார்கள் இமாமவர்கள். அத்துடன், உண்மையை அறியும் வேட்கையோடு ஆராயத் தொடங்கி, முடிக்குமுன் இறந்தவனும் மன்னிப்புக்குரியவன் என்றும் சேர்த்துரைத்தார்கள். விட்டோரியாவின் விரிவுரைக்கு 400 ஆண்டுகளுக்கும் மேலாக முன்னரே எழுதப்பட்ட சொற்கள் இவை.

எனினும் இங்கும் ஓர் எல்லை உண்டு. தேடலை முடித்து, முழுமையாக ஆராய்ந்தும் உண்மையை எட்டாதவன் நிலை என்ன? ஹிஜ்ரி 255இல் மறைந்த அல்ஜாஹிழ் அத்தகையோர் பொறுக்கப்படுவர் என்று கருதினார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘அல்முஸ்தஸ்ஃபா’ நூலில் அதை மறுத்தார்கள். அறிவின்படி அவ்வாறு இருப்பது அசாத்தியமன்று. ஆனால் வஹீயின் சான்றுகள் அதற்கு மாறாக உள்ளன என்பது அவர்களின் நிலை. பெரும்பாலான உலமாக்கள் இதையே ஏற்றனர். இருபதாம் நூற்றாண்டில் அல்அஸ்ஹரின் ஷெய்காக இருந்த மஹ்மூத் ஷல்தூத் (ரஹ்), செய்தி எட்டாதவனோடும் வெறுப்பூட்டும் வடிவில் எட்டியவனோடும், நேர்மையாக ஆராய்ந்துகொண்டே தெளிவு கிட்டாமல் இறந்தவனையும் அல்லாஹ்விடம் நிராகரித்தவன் ஆகாதவனாகக் கருதினார். ஆக, மூன்றாமவனின் வழக்கு நம் நூல்களிலும் விவாதத்துக்கு உரியதாகவே இருந்து வந்திருக்கிறது.

ஐயத்தின் வேதனையை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தாமே அறிந்தவர்கள். ஏறத்தாழ இரு மாதங்கள் எதையும் உறுதியாக ஏற்க இயலாத நிலையில் தாம் இருந்ததாகவும், வாதங்களால் அன்றி, அல்லாஹ் தம் நெஞ்சில் இட்ட ஒளியாலேயே மீண்டதாகவும் தம் ‘அல்முன்கித்’ நூலில் கூறுகிறார்கள். அவ்விரு மாதங்களுள் அவர்களின் ஆயுள் முடிந்திருந்தால் என்று எண்ணிப் பார்க்கும் எவரும், ஐயுற்றவனைப் பற்றி விரைந்து தீர்ப்புரைக்க மாட்டார்.

நிறைவாக

கிறித்தவ மீட்புக் கோட்பாடு நேர்மையான ஐயுறுவோனுக்கு நீதி செய்கிறதா? வரலாற்றின் பெரும்பகுதியில் செய்யவில்லை என்றே சொல்ல வேண்டும். அதன் காரணம் கிறித்தவரின் கொடுமனம் அன்று. பிறவிக் குற்றம் என்ற அடித்தளமும், வெளிப்படையான நம்பிக்கையே ஒரே மருந்து என்ற விதியும் சேர்ந்தபோது அம்முடிவு தானாகவே வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் அவ்விதியைத் தளர்த்தி, அறியாதவனுக்கு நீதி செய்தது. கேட்டும் தெளியாதவனுக்கு ஒரு நம்பிக்கையைத் தந்தது, உறுதியைத் தரவில்லை. அவன் குற்றமற்றவனா என்பதை இறைவனிடமே விட்டது. நம் இமாம்களும் இறுதியில் அவனை அங்கேயே விட்டனர். உள்ளங்களைப் பிளந்து பார்க்கும் அதிகாரம் மனிதருக்கு அளிக்கப்படவில்லை.

ஆனால் ஒன்று நம் கையில் இருக்கிறது. இமாம் கஸ்ஸாலியும் (ரஹ்), விட்டோரியாவும், 1965இன் சங்கமும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு மொழிகளில் ஒரே உண்மையைத் தொட்டனர். செய்தி ஒருவனை எட்டியதா என்ற வினாவுக்குள், அது எந்த முகத்தோடு எட்டியது என்ற வினாவும் அடங்கியுள்ளது. அண்டை வீட்டுக்காரர் நம் மார்க்கத்தை நூல்களில் படிப்பது அரிது. நம் நாவிலும், நம் கொடுக்கல் வாங்கலிலும், நம் கோபத்திலுமே படிக்கிறார். அவர் ஐயுற்றால் அந்த ஐயத்தில் நம் பங்கு எவ்வளவு என்று மறுமையில் நாமே கேட்கப்படக்கூடும். பிறனுடைய தீர்ப்பைக் கணக்கிடுவதைக் காட்டிலும், அந்தக் கேள்விக்கு விடை தேடி வைப்பதே நமக்கு உரிய அவசரப் பணியாகும்.